ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலம் செய்யப் போகிறீர்களா? கேஸ்கெட்டில் தொடங்குங்கள், சேனல் அப்புறம்

கோவைப் பக்கம் பம்ப் செட்டோடு வளர்ந்தவர்களுக்குக் கசிவு புதிய விஷயம் இல்லை. கிளாண்ட் பேக்கிங்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால்தான் ஷாஃப்ட் சூடேறாமல் ஓடும் என்று பட்டறையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஹைட்ரஜனையும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலத்தில் அந்த அனுபவம் பாதி கைகொடுக்கும், பாதி கைவிடும். ஓ-ரிங், கேஸ்கெட், போல்ட் இறுக்கும் வரிசை எல்லாம் பழகியவைதான். ஆனால் இங்கே கசிவது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. சமையல் கேஸில் கலக்கிற மாதிரி வாசனை மருந்தும் கலக்க முடியாது, அதிலிருக்கும் கந்தகம் உள்ளே இருக்கும் பிளாட்டினத்தைக் கெடுத்துவிடும்.

மத்திய அரசு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய்க்குப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. வாளையாறு தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கொச்சி, அங்கே கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய ஹைட்ரஜன் படகு 2024 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. இப்படிப்பட்ட மின்கலங்களுக்குத் தேவையான துல்லியமான தகடு, மோல்டு, ரப்பர் சீல் எல்லாம் கணபதியிலும் பீளமேட்டிலும் குறிச்சி சிட்கோவிலும் இருக்கிற கைகளுக்கு எட்டுகிற வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கல்லூரிப் புராஜெக்ட் செய்யும் பிள்ளைகளும், ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருப்பவர்களும் படித்துவிட்டு நேராக வேலையில் இறங்க வேண்டும் என்பதே நோக்கம்.

ஒரே ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது. புதிதாக வருகிறவர்கள் கேட் (CAD) என்ற வரைபட மென்பொருளைத் திறந்ததும் அழகழகாகச் சேனல், அதாவது வாயு ஓடும் பள்ளம், வரைகிறார்கள், வளைவு நெளிவெல்லாம் போட்டு முடித்த பிறகு ஓரத்தில் மிச்சம் இருக்கும் இடத்தில் கேஸ்கெட்டைத் திணிக்கிறார்கள். இது தலைகீழ். கேஸ்கெட்டின் தடிமன்தான் உள்ளே இருக்கும் கார்பன் பேப்பர் எவ்வளவு நசுங்கும் என்பதை முடிவு செய்கிறது, அந்த நசுங்கல்தான் சேனலுக்குள் பேப்பர் எவ்வளவு புடைக்கும், வாயு எவ்வளவு சிரமப்பட்டுப் போகும், மின்சாரம் எவ்வளவு தடைபடும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறது. சீலும் சேனலும் ஒரே டிசைன், அதில் சீல்தான் முதல்.

உள்ளே என்ன இருக்கிறது

நடுவில் புரோட்டானை மட்டும் விடும் மெல்லிய சவ்வு, அதாவது மெம்பிரேன், நாஃபியான் 212 என்ற ரகம் என்றால் சுமார் 50 மைக்ரான் தடிமன். அதன் இரண்டு பக்கமும் பிளாட்டினம் கலந்த கார்பன் பூச்சு, இதுதான் வினையூக்கி. அதற்கு மேல் இரண்டு பக்கமும் கார்பன் இழையால் ஆன கார்பன் பேப்பர், இதைத்தான் ஜிடிஎல் என்பார்கள். அதற்கும் வெளியே சேனல் வெட்டிய தகடு, ஒரு பக்கம் ஹைட்ரஜன் போக, மறுபக்கம் காற்று போக. சேனலுக்கும் சேனலுக்கும் நடுவே நிற்கும் மேட்டை ரிப் என்போம். வாயு சேனல் வழியாகப் போகிறது, மின்சாரம் ரிப் வழியாகப் போகிறது, இரண்டுக்கும் இடம் வேண்டும். கேஸ்கெட் இந்த அடுக்கின் ஓரம் முழுக்க ஓடி, ஹைட்ரஜன் வெளியே வராமலும் காற்றோடு கலக்காமலும் பார்த்துக்கொள்கிறது.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: 5 செ.மீ.க்கு 5 செ.மீ., அதாவது 25 சதுர செ.மீ. வேலை செய்யும் பரப்பு, ஒற்றைச் செல், சதுர செ.மீ.க்கு 1 ஆம்பியர் வீதம் 25 ஆம்பியர். லோடு இல்லாமல் 0.95 வோல்ட் பக்கம் காட்டும், லோடில் 0.6 வோல்ட். ஆக 15 வாட் மின்சாரம், கிட்டத்தட்ட அதே அளவு வெப்பம்.

முதலில் வாயுக் கணக்கு

இது சுருக்கமான கணக்குதான். ஒரு செல் 1 ஆம்பியர் கொடுக்க நிமிடத்துக்குச் சுமார் 7 மி.லி. ஹைட்ரஜன் தேவை, காற்று என்றால் சுமார் 17 மி.லி. இது அளந்து வைத்தாற்போல் சரியாகத் தீர்ந்துபோகும் அளவு, அதை மட்டும் கொடுத்தால் கடைசிச் சேனலுக்குப் பட்டினிதான். அதனால் ஹைட்ரஜன் ஒன்றரை மடங்கு, காற்று இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். 25 ஆம்பியருக்கு ஹைட்ரஜன் நிமிடத்துக்கு 260 மி.லி., காற்று 830 மி.லி. என்று வரும். தண்ணீர் ஒரு மணி நேரத்துக்கு 8.4 கிராம் உண்டாகும். பார்க்கச் சின்ன அளவுதான், ஆனால் 1 மி.மீ. சேனலுக்குள் ஒரு சொட்டு உட்கார்ந்தாலே பாதை அடைபட்டுவிடும்.

தடிமன் கணக்கு: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

கார்பன் பேப்பர் வாங்கும்போது தடிமன் போட்டிருக்கும். டோரே நிறுவனத்தின் 060 ரகம் என்றால் 190 மைக்ரான். அது 20 முதல் 25 சதவீதம் நசுங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 190 மைக்ரானில் அது 150 மைக்ரானுக்குப் பக்கம் வந்து நிற்கும். அப்படியென்றால் கேஸ்கெட்டும் 150 மைக்ரான்தான் இருக்க வேண்டும், அதுவும் சுலபமாக நசுங்காத கேஸ்கெட்டாக இருக்க வேண்டும். கண்ணாடி இழை சேர்த்த டெஃப்லான் ஷீட் இந்தத் தடிமனில் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நடுவே மெம்பிரேனின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் தகடு அந்த டெஃப்லானில் வந்து முட்டி நின்றுவிடும், பேப்பர் அதற்கு மேல் நசுங்காது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு இந்த ஹார்டு ஸ்டாப் முறைதான் நல்லது.

கேஸ்கெட் மெலிந்து போனால் என்ன ஆகும்? பேப்பர் அதிகமாக நசுங்கும், அதன் இழைகள் ஒடிந்து ஊசி மாதிரி மெம்பிரேனைக் குத்தும், ஷார்ட் ஆகும். துளைகள் அடைபட்டுத் தண்ணீர் வெளியேறாது. சேனல் இருக்கும் இடத்தில் பேப்பர் உள்ளே புடைத்து வாயுப் பாதையைக் குறுக்கும். கேஸ்கெட் தடித்துப் போனாலோ பேப்பருக்கும் ரிப்புக்கும் சரியான தொடுகை இருக்காது, தொடுமின்தடை ஏறும். வாயுவும் சேனல் வழியே சுற்றிப் போகாமல் ரிப் மேலேயே குறுக்கு வழியில் போய்விடும். இரண்டு தப்புக்கும் நடுவே உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி இருபது முப்பது மைக்ரான்தான்.

அதனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் தடிமனை நம்பி வேலை செய்யாதீர்கள், அளந்து பாருங்கள். அளப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சாதாரண மைக்ரோமீட்டரின் முனை சின்னது, கார்பன் பேப்பரைக் கடித்து நசுக்கிவிட்டுக் குறைவான அளவைக் காட்டும். ஒரே தடிமனுள்ள இரண்டு கண்ணாடி ஸ்லைடுக்கு நடுவே பேப்பரை வைத்து, அகலமான பாதம் உள்ள டயல் கேஜில் மெதுவாக இறக்கி அளந்து, ஸ்லைடுகளின் தடிமனைக் கழித்துவிடுங்கள். நாலு மூலை, நடு என்று ஐந்து இடத்திலாவது பாருங்கள். வினையூக்கியைப் பேப்பர் மேலேயே பூசி வாங்கியிருந்தால் அந்தப் பூச்சையும் சேர்த்துத்தான் கணக்கு.

அடுத்தது ஜன்னல். கேஸ்கெட்டின் நடுவே பேப்பர் உட்கார வெட்டும் சதுரத்தைச் சொல்கிறேன். பேப்பர் 50 மி.மீ. என்றால் ஜன்னலை 50.5 வெட்டுங்கள், பக்கத்துக்குக் கால் மி.மீ. இடைவெளி. இதைவிடக் குறைத்தால் பேப்பரின் ஓரம் கேஸ்கெட் மேல் ஏறிக்கொள்ளும், அந்த இடத்தில் சீல் போச்சு. அதிகமாக விட்டால் வாயு சேனலை விட்டுவிட்டு அந்த ஓரச் சந்தில் ஓடிவிடும், தாங்குவதற்கு எதுவும் இல்லாத மெம்பிரேன் அந்தச் சந்தில் சுருங்கி விரிந்து கடைசியில் கிழியும். மெம்பிரேன் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், ஒவ்வொரு தடவையும் அந்தச் சந்தில்தான் மடியும். கத்தரிக்கோல் வேண்டாம், லேசரிலோ ஸ்டீல் ரூல் டையிலோ வெட்டுங்கள். திருப்பூரில் லேபிள், ஸ்டிக்கர் வெட்டுகிறவர்களிடம் இந்த மாதிரி டை செய்து வாங்கலாம்.

எந்த ரப்பர்

சிலிகான் மெத்தென்று இருக்கும், மோல்டு செய்வது சுலபம், எங்கும் கிடைக்கும். ஆனால் ஹைட்ரஜன் அதன் ஊடாகவே மற்ற ரப்பர்களைவிட அதிகம் ஊடுருவும், செல்லுக்குள் இருக்கும் அமிலச் சூழலில் நாளாக ஆகக் கரைந்து அதன் துணுக்குகள் மெம்பிரேனில் போய்ச் சேரும். ஒரு செமஸ்டர் புராஜெக்ட்டுக்குப் பரவாயில்லை, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டிய செல்லுக்கு நான் போடமாட்டேன். ஈபிடிஎம் அமிலத்தையும் சூட்டையும் தாங்கும், தண்ணீர், கிளைக்கால் (glycol) கலந்த கூலண்ட் குளிர்விப்புக்கும் ஒத்துவரும், எண்ணெய் மட்டும் ஆகாது. வைட்டான் நல்லது, விலை அதிகம், குளிரில் விறைக்கும். டெஃப்லான் எதற்கும் அசையாது, ஆனால் அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்து மெலியும், ரப்பர் மாதிரித் திரும்பி எழாது.

பள்ளம் வெட்டி ஓ-ரிங் கார்டு போடுவதாக இருந்தால், உதாரணமாக எண்டு பிளேட்டில் (மொத்த அடுக்கையும் இரண்டு முனையிலும் பிடித்து இறுக்கும் தடித்த தகடு) வாயு நுழையும் துளையைச் சுற்றி, ஒரு கணக்கை மனதில் வையுங்கள். ரப்பரை அமுக்கினால் அதன் கன அளவு குறையாது, பக்கவாட்டில் பரவும், பரவ இடம் இல்லையென்றால் பாறை மாதிரி நின்று தகட்டை உடைக்கும். 2 மி.மீ. கார்டுக்கு 1.5 மி.மீ. ஆழம், 2.6 மி.மீ. அகலம் கொடுத்தால் 25 சதவீத அமுக்கம் கிடைக்கும், பள்ளம் 80 சதவீதம்தான் நிறையும். மிச்சம் 20 சதவீதம் சூட்டில் விரிவதற்கு.

வாயு உள்ளே நுழையும் வாசல்

பல மின்கலங்கள் தோற்பது இந்த இடத்தில்தான். துளை வழியாக வரும் ஹைட்ரஜன் சேனலுக்குள் போக வேண்டுமென்றால் நடுவே ஓடும் கேஸ்கெட் கோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அதாவது கேஸ்கெட்டுக்கு அடியில் சேனல் ஓடும், அந்த ஒரு மி.மீ. அகலத்துக்குக் கேஸ்கெட்டைக் கீழே இருந்து தாங்க ஆள் இல்லை. மெத்தென்ற ரப்பராக இருந்தால் சேனலுக்குள் தொங்கி வாசலை அடைக்கும். அது மட்டும் என்றால்கூடச் சமாளிக்கலாம். அதைவிட மோசம் எதிர்ப்பக்கத்தில் நடப்பது. மெம்பிரேனுக்கு மறுபுறம் இருக்கும் கேஸ்கெட்டுக்கு அந்த இடத்தில் முட்டுக் கொடுக்க எதுவும் இல்லாமல் அழுத்தம் குறைந்துபோகும், காற்றுப் பக்கத்துக்கு ஹைட்ரஜன் அங்கேதான் வழி கண்டுபிடிக்கும். வெளியே சோப்பு நுரை பூசினால் ஒன்றும் தெரியாது, உள்ளே இரண்டு வாயுவும் கலந்துகொண்டிருக்கும்.

ஒற்றைச் செல்லுக்குச் சுலபமான வழி: சேனல் கேஸ்கெட்டைத் தாண்டவே வேண்டாம். தகட்டின் பின்பக்கத்திலிருந்து துளை போட்டு, ஜன்னலுக்கு உள்ளேயே, சேனல் தொடங்கும் இடத்தில் நேராக எழுப்பிவிடுங்கள். கேஸ்கெட் முழுக்கச் சமதளத்தில் உட்காரும். பல செல்களை அடுக்கும்போது இந்த வழி சிரமம். அப்போது வாசல் மேல் கால் மி.மீ. தடிமனில் பூச்சு போட்ட ஸ்டெயின்லெஸ் அல்லது பீக் என்ற பிளாஸ்டிக்கில் பாலம் ஒன்றை, தகட்டின் மேற்பரப்போடு சமமாகப் பதித்து வைப்பார்கள். அந்தப் பாலம் துளி துருத்தினாலும் கசியும், பதிந்துபோனாலும் கசியும்.

இப்போது சேனல்

கீழ்பவானி வாய்க்காலில் தலைமடைக்காரர் வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவது எவ்வளவு பாடு என்று ஈரோட்டுப் பக்க விவசாயக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேனல்களை இணையாகப் போட்டால் நடப்பது அதுதான். ஒன்றில் தண்ணீர்ச் சொட்டு அடைத்தால் வாயு பக்கத்துச் சேனலில் சுலபமாகப் போய்விடும், அடைத்த சேனலைத் தள்ளித் திறக்க யாருக்கும் அவசியம் இல்லை, அந்தப் பகுதி பட்டினியில் கெட்டுப்போகும். ஒரே சேனலைப் பாம்பு மாதிரி மடித்து மடித்து ஓட்டினால் வாயுவுக்கு வேறு வழியே கிடையாது, சொட்டைத் தள்ளிக்கொண்டுதான் போயாக வேண்டும். ஆனால் அதற்கு அழுத்தம் வேண்டும்.

எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். சேனல் 1 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழம், ரிப் 1 மி.மீ. ஜன்னலுக்குள் 24 தடம் போட்டால் ரிப்களோடு சேர்த்து 47 மி.மீ., பேப்பரின் ஓரம் உட்கார இரண்டு பக்கமும் ஒன்றரை மி.மீ. மிச்சம். ஒற்றைப் பாதை என்றால் நீளம் 120 செ.மீ. நிமிடத்துக்கு 830 மி.லி. காற்று அந்த ஒரு சதுர மி.மீ. வழியே போக வினாடிக்கு 14 மீட்டர் வேகம் வேண்டும், அழுத்த இழப்பு 95 மில்லிபார் பக்கம் வரும். அதே 24 தடத்தை மூன்று மூன்றாகச் சேர்த்து மூன்று இணைப் பாதையாக மடித்தால் வேகம் மூன்றில் ஒரு பங்கு, நீளமும் மூன்றில் ஒரு பங்கு, இழப்பு ஒன்பதில் ஒரு பங்காகி 10 மில்லிபாருக்கு இறங்கிவிடும். சூடும் ஈரமும் சேரும்போது இரண்டுமே கொஞ்சம் ஏறும், வளைவுகளுக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் சின்ன ஃபேன் ஒரு மில்லிபார்கூடத் தள்ளாது, அதைக் கொண்டு வந்து மாட்டிவிட்டுச் செல்லைக் குறை சொல்லாதீர்கள். மீன்தொட்டிக்கு வைக்கும் நல்ல டயாஃபிரம் பம்ப் இந்த மூன்று பாதை அமைப்புக்குத் தாராளமாகப் போதும். பட்டறைக் கம்ப்ரசர் காற்றை நேராகக் கொடுக்க வேண்டாம், அதில் எண்ணெய் வரும்.

ஹைட்ரஜன் பக்கம் வேறு கணக்கு. அளவும் குறைவு, ஹைட்ரஜனின் பாகுத்தன்மையும் காற்றில் பாதிதான், ஒற்றைப் பாதையிலேயே 15 மில்லிபாருக்குள் முடிந்துவிடும். அங்கே ஒற்றைப் பாதையே போடுங்கள். இரண்டு பக்கத் தகட்டிலும் தடங்கள் ஒரே இடத்தில் வரட்டும், ரிப்புக்கு நேர் எதிரே ரிப் இருந்தால்தான் மெம்பிரேன் இரண்டு பக்கமும் சமமாகப் பிடிபடும்.

ஆழத்தை ஆபரேட்டர் கவனிக்க வேண்டும். 1 மி.மீ. என்று வரைந்தது 0.9 ஆக வந்தால் அந்தச் சேனலின் அழுத்த இழப்பு கால்பங்கு கூடிவிடும், மூன்று பாதையில் ஒன்று மட்டும் அப்படி ஆனால் அதற்கு வாயு குறையும். இதே விளைவைத்தான் மெலிந்த கேஸ்கெட்டும் கொடுக்கிறது, பேப்பர் புடைத்துச் சேனலை மேலிருந்து குறுக்குகிறது. ஆகவே தடிமன் கணக்கை முடிக்காமல் அழுத்தக் கணக்கை நம்ப முடியாது.

செல்லை நிமிர்த்தி வையுங்கள். காற்று மேலே நுழைந்து கீழே வெளியேறட்டும், தண்ணீர் தானாக இறங்கும். ஹைட்ரஜனை எதிர்த்திசையில் விடுங்கள், காற்று வெளியேறும் ஈரமான பகுதி எதிரே இருக்கும் காய்ந்த ஹைட்ரஜனுக்கு ஈரம் கொடுக்கும்.

ஒரு சின்னத் தகவல், ஆர்வமுள்ளவர்களுக்கு. 2014ல் வந்த டொயோட்டா மிராய் காற்றுப் பக்கத்தில் முப்பரிமாண வலை போன்ற பாதை வைத்திருந்தது. 2020ல் வந்த அடுத்த மிராய் அதைக் கைவிட்டு, இடையிடையே குறுகும் சாதாரணச் சேனலுக்குத் திரும்பியது. செல்களின் எண்ணிக்கையும் 370லிருந்து 330 ஆனது. எளிய சேனலை மட்டமாக நினைக்க வேண்டாம்.

தகடு வெட்டுவது

டை செய்யும் கடைகளில் ஸ்பார்க் எரோஷனுக்கு வைத்திருக்கும் கிராஃபைட் கட்டி சுலபமாகக் கிடைக்கும், ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அது துளைகள் நிறைந்தது, ஹைட்ரஜன் தகட்டுக்குள்ளேயே ஊடுருவி மறுபக்கம் வந்துவிடும். சோப்புத் தண்ணீர் பூசி நைட்ரஜன் விட்டால் தகட்டின் முகம் முழுக்கப் பொடிப்பொடியாக நுரை எழும்புவதைப் பார்க்கலாம், கேஸ்கெட்டை எத்தனை மாற்றினாலும் அது நிற்காது. ரெசின் ஏற்றிய, வாயு புகாத கிராஃபைட் என்று கேட்டு வாங்குங்கள்.

கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின் (விஎம்சி) வைத்திருக்கும் பட்டறையில் கிராஃபைட் என்றதும் முகம் சுளிப்பார்கள். "அந்தக் கரித்தூளு மெஷினுக்குள்ள போச்சுன்னா போர்டு போயிருமுங்க தம்பி" என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான், அந்தத் தூள் மின்சாரம் கடத்தும். கூலண்ட் இல்லாமல் காய்ந்தே வெட்டி, ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் வேக்குவம் குழாயைக் கட்டி, மாஸ்க் போட்டு வேலை செய்வோம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். 1 மி.மீ. கார்பைடு எண்டு மில் போதும், ஆழத்தை ஒரே வெட்டில் இறக்காமல் சிறு சிறு வெட்டாக எடுத்தால் ரிப்பின் விளிம்பு உதிராது.

கேஸ்கெட் உட்காரும் முகத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். கட்டர் தடம் கேஸ்கெட் ஓடும் திசையிலேயே ஓடினால் பெரிய கேடு இல்லை. குறுக்கே, உள்ளிருந்து வெளியே போகும் திசையில் ஒரு கீறல் நகத்தில் தட்டினால், அதுதான் வாயுவுக்கு நீங்களே வெட்டிக் கொடுத்த வழி. ஃபினிஷ் கட்டை ஜன்னலைச் சுற்றிச் சுற்றி ஓட்டச் சொல்லுங்கள்.

பூச்சு இல்லாத ஸ்டெயின்லெஸ், அலுமினியம், பித்தளை எதுவும் ஈரமான வாயுவைத் தொட வேண்டாம். அதிலிருந்து கரையும் இரும்பும் செம்பும் மெம்பிரேனுக்கு எமன்.

இறுக்குவது

பேப்பருக்குச் சதுர மி.மீ.க்கு 1 நியூட்டன், 2,500 சதுர மி.மீ.க்கு 2,500 நியூட்டன். தகடு 90 மி.மீ. சதுரம், கேஸ்கெட் முழுத் தகட்டையும் மூடுகிறது என்றால் அதன் பரப்பு சுமார் 5,600 சதுர மி.மீ., ஒன்றரை நியூட்டன் வீதம் 8,400 நியூட்டன். மொத்தம் 11,000க்குப் பக்கம். எட்டு எம்6 போல்ட்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 1.6 நியூட்டன் மீட்டர் டார்க் வரும். கேஸ்கெட்டை ஜன்னலைச் சுற்றி 8 மி.மீ. பட்டையாகக் குறைத்தால் அதே அழுத்தத்துக்கு 0.8 போதும். பாருங்கள், போல்ட்டின் பலத்தில் பெரும்பகுதியை அகலமான கேஸ்கெட்தான் தின்றுகொண்டிருந்தது.

பட்டறைக் கை எம்6 போல்ட்டைப் பழக்கத்தில் 8, 10 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கிவிடும், கிராஃபைட் "டிக்" என்று ஒரு சத்தத்தோடு போய்விடும். சின்ன டார்க் ரெஞ்ச் கட்டாயம். எதிரெதிர் போல்ட்டாக, 0.5, 1.0, 1.6 என்று மூன்று சுற்றில் ஏற்றுங்கள். போல்ட் தலைக்கு அடியில் டிஸ்க் ஸ்பிரிங் வாஷர் போட்டால் சூட்டில் விரிந்து சுருங்கும்போது பிடி விடாது. எண்டு பிளேட் 15, 20 மி.மீ. அலுமினியமாக இருக்கட்டும், மெலிந்தால் ஓரம் இறுகி நடுவில் வில்லாக வளையும். அதற்கும் கரண்ட் எடுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத ஹைலம் ஷீட் வையுங்கள். நடுப்பகுதி சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க அழுத்தத்தில் சிவக்கும் ஃபிலிம் விற்கிறது, விலை அதிகம். ரசீதுப் புத்தகத்தில் வைக்கும் கார்பன் தாளும் வெள்ளைத் தாளும் வைத்து ஒருமுறை இறுக்கிப் பிரித்தாலும் ரிப் எங்கே பதிந்திருக்கிறது, எங்கே பதியவில்லை என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

கசிவுச் சோதனை, ஹைட்ரஜன் இல்லாமல்

முதலில் செல்லையே மாட்டாமல் குழாய், வால்வு, கேஜ் மட்டும் மூடி நைட்ரஜன் ஏற்றிப் பாருங்கள். பல நேரம் கசிவது ஃபிட்டிங்தான்.

அப்புறம் செல்லை மாட்டி, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக இணைத்து 0.5 பார் நைட்ரஜன் ஏற்றி வால்வை மூடுங்கள். குழாயோடு சேர்த்துக் கன அளவு 50 மி.லி. என்று வைத்தால், 10 நிமிடத்தில் 10 மில்லிபார் இறங்கினால் கசிவு நிமிடத்துக்கு 0.05 மி.லி. இது சரியா தப்பா? இப்படி யோசியுங்கள்: நல்ல மெம்பிரேனிலேயே சதுர செ.மீ.க்கு 2 மில்லி ஆம்பியர் அளவுக்கு ஹைட்ரஜன் ஊடுருவும், 25 சதுர செ.மீ.க்கு அது நிமிடத்துக்கு 0.35 மி.லி. உங்கள் சீல் கசிவு அதில் ஏழில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்ல வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஏமாற்றுவது வெப்பநிலை. ஒரு டிகிரி மாறினால் அழுத்தம் 5 மில்லிபார் மாறிவிடும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியே வந்து போகும்போது கேஜ் ஏறி இறங்குவதைப் பார்த்துக் கேஸ்கெட்டைப் பிரிக்கத் தொடங்கிவிடாதீர்கள். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, செல்லில் ஒரு தெர்மாமீட்டரை ஒட்டி, அழுத்தத்தோடு வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உள்கசிவு. ஹைட்ரஜன் பக்கம் மட்டும் 0.2 பார் நைட்ரஜன் ஏற்றி, காற்றுப் பக்கத்தில் ஒரு துளையை அடைத்து, மறுதுளையின் குழாயைத் தண்ணீருக்குள் விடுங்கள். ஒரு குமிழி சுமார் 0.05 மி.லி. நிமிடத்துக்கு ஒன்று வந்தால் விட்டுவிடலாம், விடாமல் வரிசையாக வந்தால் மெம்பிரேனில் ஓட்டை அல்லது நான் சொன்ன அந்த வாசல். செல்லைச் சாய்த்து அந்த வாசல் பக்கத்து போல்ட்டை மட்டும் கொஞ்சம் இறுக்கும்போது குமிழி குறைந்தால் குற்றவாளி வாசல்தான்.

ஹைட்ரஜன் விடும் நாள்

காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், உடலில் இருக்கும் நிலைமின்சாரப் பொறியே போதும், பகலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. கசிந்தால் நேராக மேலே போகும், அதனால் கதவைத் திறந்து வைத்தால் போதாது, கூரையின் முகட்டில் திறப்பு வேண்டும். வெளியேறும் வாயுவைக் குழாய் வைத்துக் கூரைக்கு மேலே விடுங்கள். ஹைட்ரஜன் விடுவதற்கு முன்பும், நிறுத்திய பின்பும் நைட்ரஜனால் உள்ளே கழுவிவிடுங்கள். தனியாக இருக்கும்போது செய்ய வேண்டாம்.

லோடு இல்லாமல் 0.95 வோல்ட் காட்ட வேண்டும். 0.85க்குக் கீழே நின்றால் லோடு ஏற்றாமல் நிறுத்தி, உள்கசிவுச் சோதனைக்குத் திரும்புங்கள்.

வாயுவுக்கு ஈரமேற்றும் பாட்டிலில் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. சிறுவாணித் தண்ணீர் குடிக்கத்தான் அமிர்தம், இதற்கு அதுவும் ஆகாது. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மற்ற உப்பும் மெம்பிரேனில் புரோட்டான் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஒருமுறை பிடித்தால் சுலபமாகப் போகாது. அயனி நீக்கிய தண்ணீர் மட்டும்.

முதல் ஓட்டத்தில் 60, 65 டிகிரி வரை சூடேறி ஆறிய பிறகு போல்ட்களைத் திரும்ப டார்க் ரெஞ்சில் பாருங்கள். டெஃப்லான் வழிந்திருக்கும், கொஞ்சம் தளர்ந்திருக்கும். திரும்ப 1.6க்குக் கொண்டு வந்து, கசிவுச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.

அடுக்கு கட்டும்போது

ஒரு செல் கசியாமல் ஓடியதும் இருபது செல் அடுக்கலாம் என்று கை பரபரக்கும். நேராக இருபதுக்குப் போகாமல் மூன்றில் நிறுத்திப் பாருங்கள். ஒரு கேஸ்கெட்டில் 10 மைக்ரான் பிசகு பெரிதாகத் தெரியாது, இருபது செல்லில் நாற்பது கேஸ்கெட், எல்லாம் ஒரே பக்கம் பிசகினால் 0.4 மி.மீ., அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். வந்த கேஸ்கெட் எல்லாவற்றையும் அளந்து, தடிமனை மார்க்கரில் ஓரத்தில் எழுதி, தடித்ததையும் மெலிந்ததையும் ஜோடி சேர்த்து ஒவ்வொரு செல்லின் மொத்தத்தையும் சமமாக்குங்கள். ஒரே கேஸ்கெட்டில் ஒரு மூலை தடித்திருந்தால் அடுத்த செல்லில் அந்த மூலையை எதிர்ப்பக்கம் திருப்பிப் போடுங்கள். ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஒரு வோல்டேஜ் வயர் எடுத்து வையுங்கள், அடுக்கின் மொத்த வோல்டேஜ் நன்றாகவே காட்டிக்கொண்டிருக்கும்போதும் ஒரு செல் மட்டும் சரிவது அந்த வயரில்தான் முதலில் தெரியும்.